வாசகர் கேள்வி–பதில்: அட்டை யார் பெயரில், படிப்பது யார்?

கேள்வி: எங்கள் கிளை நூலகப் பதிவேட்டைப் பார்த்தால் ஆண்கள்தான் அதிகம் புத்தகம் எடுக்கிறார்கள். பெண்கள்தான் அதிகம் கதை படிப்பதாகப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எது சரி? வாசகர் வட்டம் சார்பில் நாங்களே கணக்கெடுக்கலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: தாராளமாக எடுக்கலாம். பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள்; அதில் இருப்பது அட்டைதாரர் பெயர். வேலை முடிந்து வருகிற வழியில் கணவர் எடுத்துப்போகும் குடும்ப நாவலை வீட்டில் மனைவி, மாமியார், பக்கத்து வீட்டுப் பெண் என மூவர் படித்திருப்பார்கள். கணக்கில் ஏறுவது ஓர் ஆண். மறுபுறம், காலையில் வந்து நான்கு நாளிதழ் புரட்டிவிட்டுப் போகிற ஆண்கள் பதிவேட்டிலேயே வரமாட்டார்கள்.

நான்கு வாரம், புத்தகம் திரும்பி வரும்போது நூலகரை ஒரே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: “இதை வீட்டில் யார் யார் படித்தீர்கள்?” ஆண், பெண், வயது, நூல் வகை குறித்தால் போதும். நாளிதழ்ப் பகுதியில் காலை, மதியம், மாலை என மூன்று வேளை தலை எண்ணுங்கள்.

வீடுகளுக்குப் போனால் “புத்தகம் படிப்பீர்களா?” என்று ஆரம்பிக்காதீர்கள். “எங்கேங்க நேரம்” என்றுதான் பதில் வரும், வார இதழ் மடியில் இருந்தாலும். “நேற்று எதையெல்லாம் வாசித்தீர்கள்?” என்று கேட்டு வார இதழ், மாத நாவல், கைபேசித் தொடர்கதை, கந்த சஷ்டி கவசம், பிள்ளையின் பாடநூல் என ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கணவர் பக்கத்தில் இருந்தால் அவரே பதில் சொல்லிவிடுவார், தனியாகக் கேளுங்கள்.

ஐம்பது ஆண், ஐம்பது பெண் என்றால் இருபது சதவீதத்துக்குக் குறைவான வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். தற்செயலாகவே அவ்வளவு வரும்.

பத்திரிகைகள் சொல்வது பெரும்பாலும் வெளிநாட்டுக் கணக்கு. அமெரிக்காவில் 2022-ல் நாவலோ சிறுகதையோ படித்ததாகச் சொன்ன பெண்கள் 46.9 சதவீதம், ஆண்கள் 27.7. இங்கே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழக எழுத்தறிவே ஆண்களிடம் சுமார் 87, பெண்களிடம் 73 சதவீதம். வயதானவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அதனால் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: பையன்கள் வாசிப்பில் பின்தங்குவது மூளை அமைப்பாலா?
- வாசகி, கரூர்

பதில்: பல நாடுகளில் 15 வயதினருக்கு நடக்கும் பிசா (PISA) தேர்வின் வாசிப்புப் பகுதியில், ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு) நாடுகளின் சராசரியில், 2009-ல் மாணவிகள் 39 புள்ளி முன்னே இருந்தார்கள். 2018-ல் அது 30. மூளை ஒன்பது ஆண்டில் மாறாது. ஆனால் பையன்கள் முன்னேறிவிட்டார்கள் என்று மகிழவும் வழியில்லை. இறங்கியது மாணவிகளின் மதிப்பெண்.