மேப்பிள்டர்ஹாம் நீராலை: கேள்வி பதில்

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள மேப்பிள்டர்ஹாம் என்னும் சிற்றூரில், ஆற்றுநீரின் விசையால் மாவரைக்கும் பழைய ஆலை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: இந்த ஆலைக்கு வயது என்ன?

1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே எனப்படும் நில, சொத்துக் கணக்கெடுப்பிலேயே இவ்வூரில் ஓர் ஆலை பதிவாகியுள்ளது. அந்தக் கணக்கில் இங்கிலாந்து முழுவதும் ஏறத்தாழ 6,000 ஆலைகள் வருகின்றன. இன்று நிற்கும் கட்டடத்தின் பழைய பகுதி 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பின்னர் அதைப் பெரிதாக்கி, இரண்டாவது சக்கரம் ஒன்றையும் சேர்த்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஓய்ந்துபோன ஆலை, 1977 முதல் 1980 வரை நடந்த சீரமைப்புக்குப் பிறகு மீண்டும் மாவரைக்கத் தொடங்கியது. நீராலையின் வயதைக் கேட்பவர்கள் எதன் வயதைக் கேட்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. சக்கரம் நீரில் கிடந்து அழுகும், கல் தேயும், பல் உடையும்; மாறாமல் நிற்பது இடமும் அங்கு வந்து விழும் நீரும்தான்.

கேள்வி: பொறியியல் மாணவி நான். உள்ளே விசை எப்படிப் போகிறது?

இதற்குத்தான் காத்திருந்தேன். இவ்வகை ஆலையில் தானியம் மேலிருந்து கீழே வருகிறது. விசை கீழிருந்து மேலே போகிறது. நிமிடத்துக்குச் சில சுற்றுகள் மட்டுமே சுற்றும் நீர்ச்சக்கரத்தின் கிடை அச்சில், கட்டடத்துக்குள், பெரிய பல்சக்கரம் ஒன்று பாதி பள்ளத்தில் இறங்கி நிற்கும். அது செங்குத்துத் தண்டைச் சுழற்ற, அத்தண்டில் உள்ள இன்னொரு பெரிய சக்கரம் சிறிய பற்சக்கரங்களை வேகமாகச் சுழற்ற, மாவரைக்கும் இரண்டு கற்களில் மேல்கல் நிமிடத்துக்கு நூறு சுற்றுகளையும் தாண்டிவிடும். கீழ்க்கல் அசையாது. மூட்டைகளை மேல்தளத்துக்கு இழுத்து ஏற்றுவதும் இதே விசைதான்.

பற்களைக் கவனியுங்கள். இரும்புப் பல்லோடு மரப்பல் கடிக்கும்படி அமைப்பார்கள். ஆப்பிள் மரமோ ஹார்ன்பீம் மரமோ அதற்கு ஏற்றது. இதனால் சத்தம் குறையும், பொறி பறக்காது, ஏதாவது சிக்கிக்கொண்டால் மலிவான மரப்பல்தான் உடையும். ஒரு சக்கரத்தில் வேண்டுமென்றே ஒரு பல்லைக் கூட்டி வைப்பதும் உண்டு. அப்போது ஒரே இரண்டு பற்கள் ஒவ்வொரு சுற்றிலும் சந்திக்காமல், தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவிவிடும்.

தானியத் தொட்டியின் அடியில் ஒரு சரிவுத்தட்டு தொங்கும். கல்லோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தண்டு ஒன்று அத்தட்டைத் தட்டிக்கொண்டே இருக்கும். கல் வேகமெடுத்தால் தட்டலும் வேகமெடுத்து, தானியமும் கூடுதலாக இறங்கும். ஆலைக்காரர் கீழ்த்தளத்தில் நின்றபடி, மரக்குழாய் வழியே வெதுவெதுப்பாக விழும் மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தே கல்லை ஏற்றவோ இறக்கவோ செய்வார்.

ஓர் எச்சரிக்கை: தானியம் இல்லாமல் கல்லை ஓடவிடக் கூடாது. கல்லும் கல்லும் உரசிப் பொறி பறந்தால், மாவுத் தூசி நிறைந்த மரக்கட்டடம் தீப்பிடித்துவிடும். தொட்டி காலியாகப் போவதை அறிவிக்கப் பல ஆலைகளில் மணி கட்டி வைத்தது இதற்காகத்தான்.

கேள்வி: ஒரு ராக் குழுவின் இசைத்தட்டு உறையில் இருப்பது இந்த ஆலைதானே?

ஆம். ஆண்டு 1970.

கேள்வி: அந்த உறைப் படத்தைப் பற்றி எழுதுவீர்களா?

மேலே எழுதியாயிற்று. இதே கேள்வியைக் கேட்டிருக்கும் மற்ற நால்வருக்கும் இதுவே பதில்.

கேள்வி: கல்லில் அரைத்த மாவு உடம்புக்கு நல்லதா?

உணவியல் அறிந்தவரைக் கேளுங்கள். ஆலையின் பக்கமிருந்து ஒன்று சொல்லலாம்: கல்லில் அரைக்கும்போது முளைக்கருவின் எண்ணெய் மாவிலேயே தங்கிவிடுவதால் அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய, கல்லுக்குப் பதில் உருளைகளால் அரைக்கும் ஆலைகள் முளைக்கருவை நீக்கி, நாள்பட இருக்கும் வெள்ளை மாவைத் தந்தன. கிராமத்து நீராலைகள் நொடித்துப்போனதற்கு அது பெரிய காரணம்.

கேள்வி: நீர் சக்கரத்தின் அடியில் மோதுவதைவிட மேலிருந்து விழுந்தால் இரு மடங்கு பயன் என்று ஆங்கிலப் பொறியாளர் ஸ்மீட்டன் 1759இலேயே நிறுவிவிட்டார். சீரமைத்தவர்கள் ஏன் மாற்றவில்லை?

ஸ்மீட்டன் சொன்னது சரி; ஆனால் அவர் ஒப்பிட்டது ஒரே அளவு நீரையும் ஒரே வீழ்ச்சியையும் வைத்து. மேப்பிள்டர்ஹாமில் தடுப்பணைக்கு மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வேறுபாடு சுமார் 2 மீட்டர்தான். மேலிருந்து நீர் விழ வேண்டுமானால் சக்கரம் அந்த உயரத்துக்குள் அடங்க வேண்டும். தேம்ஸ் தரும் நீரையெல்லாம் அவ்வளவு குள்ளமான சக்கரத்தில் வாங்க, அதை ஆலையைவிட அகலமாகக் கட்ட நேரிடும்.

கேள்வி (அதே நண்பர்): விளைவுதான் முக்கியம், அகலமாகவே கட்டலாமே?

வெள்ளத்தை மறந்துவிட்டீர்கள், நண்பரே. ஆறு பெருகும்போது கீழ்நீர் ஏறிச் சக்கரத்தின் அடியை மூழ்கடிக்கும். வழக்கமான மேல்நீர்ச் சக்கரத்தின் அடிப்பகுதி வெளியேறும் நீருக்கு எதிர்த்திசையில் நகர்வதால், அது நீரைத் தள்ளிக்கொண்டு திணறும். அடிநீர்ச் சக்கரமோ ஓட்டத்தோடு சேர்ந்தே நகர்வதால், வேகம் குறைந்தாலும் ஓரளவு சுற்றும். மலையோடையில் ஆலை கட்டியவர் ஒன்றைத் தேர்ந்தார், சமவெளி ஆற்றில் கட்டியவர் மற்றொன்றைத் தேர்ந்தார். இருவருமே கணக்குத் தெரிந்தவர்கள்தான்.

கேள்வி: கல் மழுங்கினால் என்ன செய்வார்கள்?

நம் தெருக்களில் அம்மி கொத்துவதைப் போலத்தான். மேல்கல்லைத் தூக்கிப் புரட்டிப் போட்டு, உளி போன்ற கருவியால் பள்ளங்களை மீண்டும் கொத்துவார்கள். தெறிக்கும் எஃகுத் துணுக்குகள் கொத்துபவரின் புறங்கையில் ஏறிக் கரும்புள்ளிகளாகத் தங்கிவிடும்.

கேள்வி: வீட்டுக்குச் சிறிய கல் மாவு இயந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கருகிய வாடை வருகிறது.

கற்கள் மிக நெருங்கியிருக்கலாம், அல்லது தானியம் தீர்ந்தபின்னும் ஓடியிருக்கலாம். நிறுத்துங்கள், கல்லைச் சற்று விலக்குங்கள், சூடு ஆறியபின் திறந்து பாருங்கள். மாணவிக்குச் சொன்ன எச்சரிக்கை உங்களுக்கும் சேர்த்துத்தான்.