வால்வில் கால்சியம், பெருந்தமனியில் படிவு: பக்கவாதத்துக்கு எது காரணம்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68, பீடிப் பழக்கம் உண்டு. பக்கவாதத்தால் வலது கை தளர்ந்து, பேச்சு குழறியதால் திருவனந்தபுரத்தில் சேர்த்தோம். கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பில்லை. இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் வளையத்தில் கால்சியம் படிந்திருக்கிறது. வாய்வழியே குழாய் செலுத்தி எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்), இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவில் 4.5 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொழுப்புப் படிவு தெரிகிறது என்கிறார்கள். வால்வை மாற்ற வேண்டுமா? பாலை நிறுத்தலாமா?
- ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: நீங்கள் வால்வை எண்ணி அஞ்சுகிறீர்கள், எனக்கோ பெருந்தமனிப் படிவே பெரிதாகப் படுகிறது. மூளையின் இடப்பாதிக்கு ரத்தம் கொண்டுசெல்லும் இடது கழுத்துத் தமனி அந்த வளைவிலிருந்தே நேராகக் கிளைப்பதால், படிவு புண்ணாகி அதன்மேல் உறையும் ரத்தக்கட்டி பெயர்ந்தால் மேலேறிச் சென்று வலது கையையும் பேச்சையும் பாதிக்க வழியுண்டு. 60 வயதைக் கடந்த நோயாளிகளிடம் 1990-களில் பிரான்சில் நடந்த ஆய்வுகள், 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த படிவுக்கும் பக்கவாதத்துக்கும் வலுவான தொடர்பைக் காட்டின.

வால்வு வளையக் கால்சியம் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் ஏறத்தாழ இரு மடங்கு வருவதை அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1992-இல் கண்டது உண்மைதான். ஆனால் முதுமை, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகை ஆகியவையே வால்வையும் தமனியையும் ஒருசேரக் கெடுப்பவை என்பதால், அந்தக் கால்சியத்தைக் குற்றவாளி என்பதைவிடச் சாட்சி என்பதே பொருந்தும். வால்வு மிகவும் சுருங்கியோ கசிந்தோ இருந்தாலொழிய அறுவை சிகிச்சை தேவையில்லை. வளைவுப் படிவை அறுத்தெடுப்பதும், அதுவே பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும் என்பதால், பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. ரத்தக்கட்டியைத் தடுக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல், அதனுடன் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின், எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழ், ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழ் என்பதே இப்போதைய சிகிச்சை வழி. ஸ்டேடின் வால்வுக் கால்சியத்தைக் கரைக்காது. அதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

ஒன்றை மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள்: ஹோல்டர் கருவி பொருத்தி இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்தார்களா? வளையத்தில் கால்சியம் உள்ளவர்களிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் துடிப்புக் கோளாறு கூடுதலாகக் காணப்படுகிறது. அது வந்துவந்து மறையும் இயல்புடையதாதலால் ஒரே ஈ.சி.ஜி.யில் அகப்படாமல் போகலாம். அகப்பட்டாலோ ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும்.

பாலை நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது பீடியை. நேந்திரங்காய் சிப்ஸையும் கருவாட்டையும், அவற்றின் உப்புக்காகக் குறைத்துக்கொள்ளட்டும். கால்சியம் மாத்திரை உட்கொள்கிறார் என்றால், குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறும் இருந்தால், மருத்துவரிடம் சொல்லுங்கள். தொடர் சிகிச்சைக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கே செல்வதானாலும், திருவனந்தபுரத்து அறிக்கையோடு எக்கோ பதிவான சி.டி.யையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். படிவு வளைவின் எந்த இடத்தில் உள்ளது, அதன்மேல் அசையும் ரத்தக்கட்டி உண்டா என்பதை அங்குள்ளவர்கள் அதில் நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.