பழைய கேசட் உறைகளில் உள்ள சொற்களில் எவை தொழில்நுட்பம், எவை விளம்பரம்?

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள உங்கள் தந்தையின் வீட்டிலிருந்து எடுத்துவந்த நாற்பது கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற ஒரு பழைய டெக் (கேசட்டைப் பதியவும் ஒலிக்கவும் உதவும் கருவி) வாங்கியிருப்பதாகவும், உறைகளில் காணப்படும் ‘ஹை பொசிஷன்’, ‘ஹை பயாஸ்’, ‘70 மைக்ரோ விநாடி ஈக்யூ’, ‘லோ நாய்ஸ்’, ‘டால்பி’ ஆகியவற்றில் எவற்றைப் பொருட்படுத்த வேண்டும் என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1980களின் பிற்பாதியில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் என் மாமா நடத்திய கேசட் கடையில் பள்ளி விடுமுறைதோறும் வேலை பார்த்தவன் நான். இப்போது உறவினர்களின் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே ஆளை நோக்கி எழுதப்பட்டவை அல்ல. சில, பதிவு செய்பவருக்கானவை, சில, கேட்பவருக்கானவை, மீதி, கடையில் நின்று வாங்குபவருக்கானவை. நீங்கள் கேட்டு மாற்றப் போகிறவர் என்பதால் உங்களுக்கு வேண்டியவை மிகச் சில.

அன்று பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொண்டது ‘ஹை பொசிஷன்’ என்பதைத்தான். ‘உயர்ந்த இடம்’, அதாவது உயர்ந்த தரம் என்றே வாடிக்கையாளர்கள் எண்ணினார்கள். உண்மையில் அது டெக்கின் முகப்பில் உள்ள பொத்தானை எந்த நிலையில் வைக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்பு மட்டுமே. ‘நார்மல் பொசிஷன்’ என்றால் சாதாரண நாடாவுக்கான நிலை. ‘ஹை பொசிஷன்’ என்றால் குரோம் வகைக்கான நிலை. நல்ல நிறுவனத்தின் நார்மல் நாடா, பெயர் தெரியாத நிறுவனத்தின் ‘ஹை’ நாடாவைவிடப் பல மடங்கு நன்றாக ஒலித்ததை நானே ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறேன்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டை அறிமுகப்படுத்தியபோது நாடாவின் மேல் பூசப்பட்டது இரும்பு ஆக்சைடு. பின்னர் டியூபாண்ட் நிறுவனத்தின் குரோமியம் டை ஆக்சைடு வந்தது. 1979 வாக்கில் ஆக்சைடு ஆகாத தூய உலோகத் துகள் பூசிய ‘மெட்டல்’ நாடாக்கள் கடைக்கு வந்தன. ஐஇசி எனப்படும் அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் இவற்றை வகை 1 முதல் வகை 4 வரை எண்ணிட்டது. இரும்பு ஆக்சைடு வகை 1, குரோம் வகை 2, மெட்டல் வகை 4. இரும்பு ஆக்சைடையும் குரோமையும் அடுக்கிப் பூசிய ஃபெர்ரிகுரோம்தான் வகை 3. அது நீண்டகாலம் நிலைக்கவில்லை, உங்கள் பெட்டியில் இருக்கும் வாய்ப்பும் குறைவு.

இனி ‘ஈக்யூ’, அதாவது ஈக்வலைசேஷன் எனப்படும் ஒலிச் சமன். கேட்பவருக்கு உண்மையிலேயே தேவையான சொல் இது. நாடாவின் இரைச்சல் பெரும்பாலும் மேல் சுரங்களின் பகுதியில் இருப்பதால், டெக் அப்பகுதியை எவ்வளவு உயர்த்தி ஒலிக்க வேண்டும் என்பதை 120 அல்லது 70 மைக்ரோ விநாடி என்ற எண் குறிக்கிறது. வகை 1 என்றால் 120. மற்ற எல்லாவற்றுக்கும் 70. இரண்டுக்கும் இடையே உயர் அலைவரிசையில் சுமார் நான்கரை டெசிபெல் வேறுபாடு உண்டு. 120இல் பதிந்ததை 70இல் ஒலித்தால் பாட்டு மங்கிப்போகும். 70இல் பதிந்ததை 120இல் ஒலித்தால் காது கூசும்படி கூர்மையாகவும் இரைச்சலாகவும் வரும்.

இதில் ஒரு விலக்கு உண்டு; அது தெரியாததால் பலர் நல்ல கேசட்டைக் குறை சொன்னார்கள். ஒருமுறை கடைக்கு வந்த ஒரு பெரியவர், உறையில் ‘குரோம்’ என்று அச்சிட்ட பக்திப்பாடல் கேசட் ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, போர்வை போட்டு மூடிக்கொண்டு பாடியதுபோல இருக்கிறது என்றார். மாமா பதில் எதுவும் சொல்லாமல் அதைக் கடை டெக்கில் போட்டார். பொத்தான் ‘குரோம்’ நிலையில் இருந்தது, பெரியவர் சொன்னது சரிதான். பிறகு பொத்தானை ‘நார்மல்’ என்று மாற்றினார். அதுவரை இருந்த இடம் தெரியாத ஜால்ரா, மிருதங்கத்துக்கு முன்னால் வந்து நின்றது. பாடல் பதித்து விற்கப்பட்ட கேசட்டுகள் பலவற்றில் நாடா குரோமாக இருந்தாலும், எல்லா வீட்டுப் பெட்டியிலும் ஒலிக்க வேண்டும் என்பதற்காக 120 கணக்கிலேயே பதித்திருப்பார்கள். ஆகவே கடையில் பாடலோடு வாங்கிய கேசட்டில் ‘குரோம்’ என்ற சொல்லை நம்பிப் பொத்தானை மாற்றாதீர்கள். கேசட்டின் மேல் விளிம்பைப் பாருங்கள்: அழிப்புத் தடுப்பு முனைக்குப் (உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாதபடி தடுக்கும் சிறு பிளாஸ்டிக் முனை) பக்கத்தில் கூடுதலாக ஒரு பள்ளம் இருந்தால் 70, இல்லையென்றால் 120. மெட்டல் கேசட்டுக்கு நடுவிலும் இரண்டு பள்ளங்கள் இருக்கும். உங்கள் டெக் தானாகவே வகையறியும் டெக்காக இருந்தால் அது பார்ப்பதும் இந்தப் பள்ளங்களைத்தான்.

‘பயாஸ்’ என்ற சொல்லை நீங்கள் முழுவதுமாக மறந்துவிடலாம். பதிவு செய்யும்போது, காந்தத் துகள்கள் ஒலியை ஒழுங்காக ஏற்பதற்காக, காதுக்குக் கேட்காத உயர் அலைவரிசை மின்னோட்டம் ஒன்றைப் பாட்டோடு சேர்த்து நாடாவுக்குக் கொடுப்பார்கள். குரோமுக்கு அது சற்று அதிகம் வேண்டும், மெட்டலுக்கு இன்னும் அதிகம் வேண்டும். அதைத்தான் ‘ஹை பயாஸ்’ என்று அச்சிட்டார்கள். உங்கள் தந்தை பதிந்த அன்றே அதன் வேலை முடிந்துவிட்டது.

வகை 2 கேசட் எல்லாவற்றையும் நாம் ‘குரோம்’ என்று அழைத்தாலும், கடையில் மிகுதியாக விற்ற டிடிகே எஸ்ஏ நாடாவில் குரோமியம் இல்லை. கோபால்ட் சேர்த்துப் பதப்படுத்திய இரும்பு ஆக்சைடுதான், குரோமுக்கான நிலையில் இயங்கும்படி செய்யப்பட்டது. இது ஏமாற்று அன்று. பல குரோம் நாடாக்களைவிட அதுவே நன்றாக ஒலித்தது என்பது என் கருத்து. நிறுவனங்களின் எழுத்துகளைத் தெரிந்துகொண்டால் உறையில் மற்றதைப் படிக்கவே தேவையில்லை. டிடிகேயில் டி, ஏடி இரண்டும் வகை 1, எஸ்ஏ வகை 2, எம்ஏ மெட்டல். மேக்ஸெல்லில் யூஆர், யூடி வகை 1, எக்ஸ்எல் 2 வகை 2. சோனியில் எச்எஃப் வகை 1, யூஎக்ஸ் வகை 2.

‘லோ நாய்ஸ்’, ‘சூப்பர்’, ‘அல்ட்ரா’, ‘டைனமிக்’ ஆகியவை வாங்குபவருக்கான சொற்கள். இரைச்சல் எதைவிடக் குறைவு என்று அவை சொல்வதில்லை. ‘டிஜிட்டல்’ என்ற சொல் அன்றைய உறைகளில் தாராளமாகப் புழங்கியது. நாடாவில் எதுவும் டிஜிட்டல் இல்லை, மூலப்பதிவு அப்படி இருந்திருக்கலாம், அவ்வளவுதான். ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்பதும் ஒலியை மிகத் தாழ்த்தி வைத்து அளந்த எண்.

எண்களில் முழுமையாக நம்பத்தக்கது ‘சி’ எழுத்துக்குப் பின்னால் வருவது. சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45, சி-120 என்றால் 60. ஆனால் கூட்டின் அளவு மாறாது என்பதால், நேரம் கூடக்கூட நாடா மெலிந்துகொண்டே போகும். சி-60இல் சுமார் 18 மைக்ரான் இருக்கும் தடிமன் சி-90இல் 12 ஆகவும், சி-120இல் 9 ஆகவும் குறையும். இதை நான் கற்ற விதம் இன்றும் மனத்தை வருத்துகிறது. அக்காவின் திருமணத்தில் இடையில் பக்கம் மாற்ற வேண்டாமே என்று நாதஸ்வரத்தைச் சி-120இல் பதிந்தேன். இரண்டாம் முறை கேட்கும்போது, நாடா டெக்கின் ரப்பர் உருளையில் சுற்றிக்கொண்டது. பென்சிலை விட்டுச் சுழற்றி மெல்ல எடுத்தபோது ஒரு முழ நீளம் பனையோலை விசிறிபோல மடிப்பு மடிப்பாக இருந்தது. தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம் அந்த ஒரு முழத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒலி அமிழ்ந்து அமிழ்ந்து எழுகிறது. உங்கள் பெட்டியில் சி-120 இருந்தால் வேகமாக முன்னோட்டவோ பின்னோட்டவோ செய்யாமல், ஒரே முறை ஓடவிட்டு அப்போதே கணினியில் பதிந்துவிடுங்கள்.

ஒலிக்கவிடுவதற்கு முன் கேசட்டின் சிறு கண்ணாடி வழியாக நாடாச் சுற்றைப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த நாடாவின் ஓரங்களில் வெண்பூஞ்சை படிந்திருக்கும். அப்படிப்பட்டதை டெக்கில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனியே எடுத்துவைத்துச் சுத்தம் செய்த பிறகே போடுங்கள். மற்றவற்றை, கேமராவுக்குப் பயன்படுத்தும் உலர்பெட்டியில் வைக்கலாம்.

கடைசியாக டால்பி என்ற இரைச்சல் குறைப்பு முறை. 1968இல் வந்த டால்பி பி, பதியும்போது மெல்லிய மேல் சுரங்களை உயர்த்தி, ஒலிக்கும்போது அதே அளவு தாழ்த்தும். அதோடு சேர்ந்து நாடாவின் இரைச்சலும் சுமார் 10 டெசிபெல் தாழும். 1980இல் வந்த டால்பி சி இதை 20 வரை கொண்டுசென்றது. பதிந்த முறையிலேயே ஒலிக்க வேண்டும், பியைச் சியாகவோ சியைப் பியாகவோ ஒலிக்கக் கூடாது. உங்கள் டெக்கில் ‘எச்எக்ஸ் புரோ’ என்று எழுதியிருந்தால் அது பதிவுக்கு மட்டும் உரியது, கேட்கும்போது எதையும் செய்யாது. தந்தை எதைப் பயன்படுத்தினார் என்பதை அறிய, உறைக்குள் மடித்து வைத்திருக்கும் அட்டையை வெளியே எடுத்துப் பாருங்கள். ‘என்ஆர்’ (நாய்ஸ் ரிடக்‌ஷன், அதாவது இரைச்சல் குறைப்பு) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சிறு கட்டங்கள் இருக்கும், பலர் பேனாவால் அதில் குறியிட்டிருப்பார்கள்.

ஆனால் டால்பி பொத்தானை அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்கான சொல்லை எந்த உறையிலும் பார்க்க முடியாது. அதன் பெயர் அசிமத், அதாவது நாடாவுக்கு ஹெட் செங்குத்தாக நிற்கும் கோணம். தந்தையின் டெக்கில் அந்தக் கோணம் இம்மியளவு சாய்ந்திருந்தால், உங்கள் டெக்கில் மேல் சுரங்கள் காணாமற்போகும். டால்பி அந்த இழப்பை இன்னும் பெரிதாக்கும். முதலில் அழிப்புத் தடுப்பு முனைகளை உடைத்துவிடுங்கள். பிறகு டால்பியை அணைத்து, ஒலியை மோனோவாக வைத்து, ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு திருகை மிக மெதுவாகத் திருப்பிக் கேளுங்கள். ஜால்ராவோ ‘ச’, ‘ஸ’ ஒலிகளோ மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தி, அதன் பின் டால்பியைப் போடுங்கள். ஒரே டெக்கில் பதிந்த கேசட்டுகளுக்கெல்லாம் பெரும்பாலும் அதே நிலை பொருந்தும்.