டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றால் 'ஐ ஆம் கோயிங்'

வணக்கம். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துவிட்டீர்கள். மேலாளருக்கான மெயிலில் 'ஐ வில் கோ' சரியா, 'ஐ ஆம் கோயிங்' சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். 'ஐ ஆம் கோயிங் டு மதுரை ஆன் ஃப்ரைடே' என்றே எழுதுங்கள். அது இப்போது நடப்பதைச் சொல்லும் வடிவமாயிற்றே என்று தயங்க வேண்டாம். டிக்கெட் கையில் இருந்தால் தமிழிலும் 'வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன்' என்றுதானே சொல்கிறோம்?

'வில்' பேசும் நொடியில் எடுக்கும் முடிவுக்கு. ஃபோன் அடிக்கிறது, 'ஐ வில் கெட் இட்' என்று எழுந்து போகிறோம். வாக்குக் கொடுக்கவும் அதுதான்: 'ஐ வில் ஃபினிஷ் த ரிப்போர்ட் பை தர்ஸ்டே'. மனதில் முடிவு செய்தாயிற்று, ஏற்பாடுதான் இன்னும் இல்லை என்றால் 'ஐ ஆம் கோயிங் டு பை எ பைக்', அதாவது 'பைக் வாங்கப் போகிறேன்'. ரயில் நேரத்துக்குச் சாதாரண நிகழ்காலமே போதும்: 'த டிரெயின் லீவ்ஸ் அட் நைன்'.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உண்மையான தவறு அங்கேதான் இருக்கிறது. கடைசி வரியில் 'வென் ஐ வில் ரீச் மதுரை, ஐ வில் கால் யூ' என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் 'வில்'லை எடுத்துவிடுங்கள்: 'வென் ஐ ரீச் மதுரை, ஐ வில் கால் யூ'. 'போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன்' என்கிறோமே, அந்தச் 'சேர்ந்ததும்' என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? 'இஃப்', 'ஆஃப்டர்', 'அன்டில்' எல்லாவற்றுக்கும் இப்படித்தான். ஆனால் 'வென் வில் யூ கம்?' என்று கேள்வியாகக் கேட்கும்போது 'வில்' வரலாம், அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.