ஹீட்டர் போதவில்லையா, கொட்டகை பெரிதா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் தளிக்குப் பக்கம். மார்கழிப் பனியில் 400 அசில் கிராஸ் (அசில் கலப்பின) கோழிக்குஞ்சு இறக்கினேன். கொட்டகை 30 அடிக்கு 20 அடி, தகரக் கூரை. கடைக்காரர் சொன்னபடி 12 எல்.இ.டி. புரூடர் பல்பும் (குஞ்சுக்குச் சூடு தரும் பல்பு) ஒரு 2000 வாட் ஃபேன் ஹீட்டரும் போட்டிருக்கிறேன். குளிர் நுழையாதபடி நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிவிட்டேன். சுவரில் மாட்டிய வெப்பமானி 32 டிகிரி காட்டுகிறது. ஆனாலும் நாலு ராத்திரியில் 46 குஞ்சு போய்விட்டது, எல்லாம் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. உள்ளே போனால் கண் எரிகிறது. இன்னும் எத்தனை ஹீட்டர் வாங்க வேண்டும்?

பதில்: ஒன்றுகூட வாங்க வேண்டாம். இருக்கிற ஹீட்டரையும் இன்றைக்கே வெளியே எடுத்து வையுங்கள்.

அந்த வெப்பமானி உங்கள் தலை உயரத்தில்தானே இருக்கிறது? குஞ்சின் முதுகு தரையிலிருந்து இரண்டு அங்குலம். சூடான காற்று மேலே போய்த் தகரத்தைத் தொட்டு வெளியேறுகிறது. ஹீட்டரின் விசிறி கீழே இருக்கிற குளிர்காற்றைக் கிளப்பிக் குஞ்சுமேல் வீசுகிறது. ராத்திரி முழுக்க மின்மீட்டர் ஓடியது தகரத்தைக் காயவைக்கத்தான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, குஞ்சின் கால் எப்படி இருக்கிறது என்று. ஒன்றைக் கையில் எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் தரை குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெப்பமானி என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். கால் குளிர்ந்த குஞ்சு தீவனத்துக்கு நடந்து போகாது. கழுத்தடியில் இருக்கும் இரைப்பையைத் தடவிப் பாருங்கள், காலியாகத்தான் இருக்கும். குளிரில் பாதி, பசியில் பாதி என்று சாகிறது.

பிறந்த குஞ்சால் முதல் பத்து நாள் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. அந்த வயதில் அதுவும் உடும்பு மாதிரிதான். காட்டில் உடும்பு என்ன செய்கிறது? வெயில் பட்ட பாறையில் ஏறிப் படுக்கிறது, சூடு போதும் என்றதும் நிழலுக்கு நகர்கிறது. குஞ்சுக்கும் ஒரு சூடான இடமும், விலகிப் போக ஓர் இடமும் வேண்டும். கொட்டகை முழுக்க ஒரே சூடு என்பது நம் ஆசை. குஞ்சு அதைக் கேட்கவில்லை.

அதனால் 600 சதுர அடியை மறந்துவிடுங்கள். ஒன்றரை அடி உயரத் தகடு வாங்கி, ஏழடி விட்டத்தில் இரண்டு வட்டத் தடுப்பு போடுங்கள். வட்டத்துக்கு 177 குஞ்சு. மூலை இல்லாததால் ஏறி மிதித்துச் சாகவும் வழி இல்லை. கீழே மூன்று அங்குலம் காய்ந்த நெல் உமி, மேலே செய்தித்தாள். ஒவ்வொரு வட்டத்திலும் நாலு 100 வாட் குண்டு பல்பு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், நடுவில் மட்டும். குளிர்ப் பகுதியில் குஞ்சுக்கு 2 வாட் என்பது கணக்கு. இரண்டு வட்டத்துக்கும் சேர்த்து 800 வாட், அதாவது உங்கள் ஹீட்டரில் பாதிகூட இல்லை. பல்பைச் சங்கிலியிலோ கம்பியிலோ தொங்கவிடுங்கள். வயரிலேயே தொங்கவிட்டு, அது அறுந்து உமியில் விழுந்து கொட்டகையோடு போனதைப் பார்த்திருக்கிறேன்.

புரூடர் பல்பு என்று எல்.இ.டி.யை விற்கிறவர்களைப் பற்றி என்ன சொல்வது! 9 வாட் எல்.இ.டி. கண்ணுக்கு 60 வாட் குண்டு பல்பு மாதிரித் தெரியும், சூடு 9 வாட்டுக்குத்தான் வரும். பன்னிரண்டும் சேர்த்து 108 வாட். நல்ல பல்பு என்று வெளிச்சத்துக்குச் சொன்னதை அவர் சூட்டுக்கும் சேர்த்து விற்றுவிட்டார். இனி "குளிர் மருந்து" என்று ஆன்டிபயாடிக் புட்டியும் வரும். குளிருக்கு மருந்து கிடையாது.

அடுத்து தார்ப்பாய். உங்கள் கண் எரிவது அம்மோனியா. உங்களுக்கே எரிகிறதென்றால், தரையோடு மூச்சுவிடுகிற குஞ்சுக்கு என்ன கதி? நம் ஊரில் பாதிப்பேர் படுதாவை மேலே கட்டிக் கீழிருந்து சுருட்டுகிறார்கள். சுருட்டியதும் குளிர்காற்று நேராகக் குஞ்சுமேல் அடிக்கிறது. அடிப்பக்கத்தை இறுக்கிக் கட்டுங்கள், மேலே ஓர் அடி திறந்து வையுங்கள், ராத்திரியிலும். சூடு போய்விடும் என்று பயப்படாதீர்கள், இப்போது நாம் கொட்டகையைச் சூடாக்கவில்லை. மின்சாரம் போனால் கரிச்சட்டி வைப்பீர்கள், சரி. அந்த நேரத்தில் இந்த ஓர் அடியை மூடினால் கரிப்புகையே மொத்தத்தையும் கொன்றுவிடும்.

வெப்பமானியை வட்டத்துக்குள், குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிடுங்கள். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறையுங்கள். ஆனால் ராத்திரி 2 மணிக்கு ஒருமுறை எழுந்து போய்க் குஞ்சுகளைப் பாருங்கள். பல்படியில் குவிந்திருந்தால் குளிர், பல்பை இறக்குங்கள். வாயைத் திறந்துகொண்டு தகட்டோரம் ஒதுங்கினால் சூடு அதிகம். ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று வருகிறது. பரவிப் படுத்திருந்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம்.

செத்ததில் இரண்டு மூன்றைக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தாம் நாளிலும் வயிற்றில் மஞ்சள் கரு கரையாமல் நாற்றமெடுத்தால், பொரிப்பகத்தின் பங்கும் அதில் இருக்கலாம். ஏழாம் நாள் போட வேண்டிய லசோட்டா சொட்டு மருந்தை (வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து), குஞ்சு தேறாவிட்டால் இரண்டு நாள் தள்ளலாம், விட்டுவிடக் கூடாது.

எல்.இ.டி.யைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று தோன்றவில்லை. பத்திரமாக வையுங்கள், கோழி முட்டைக்கு வரும்போது வெளிச்சத்துக்கு ஆகும்.