மச்சானின் துப்பாக்கிக்கு என் வீட்டுக் கடனா?

கேள்வி: டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். என் மச்சான் (மனைவியின் அண்ணன்) பழைய துப்பாக்கி சேகரிப்பவர். வருகிற சனிக்கிழமை ஏலத்துக்கு வரும் கோல்ட் (Colt) கம்பெனியின் 1855 மாடல் சுழல் ரைஃபிள் (ரிவால்வர் மாதிரி குண்டு அறைகள் சுழலும் நீளத் துப்பாக்கி) ஒன்றை, உடம்பெல்லாம் சித்திர வேலை செய்தது, எடுக்கச் சொல்கிறார். கமிஷனோடு 35,000 டாலர் ஆகுமாம். பணம் என்னுடையது, விஷய ஞானம் அவருடையது, லாபத்தில் பாதிப் பாதி. ஏற்கெனவே அவருடைய ஃபுட் டிரக்குக்கு 22,000, வீட்டுக் கூரைக்கு 13,000 என்று என் ஹெலாக்கிலிருந்து (வீட்டை ஈடு வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் வங்கிக் கடன்; வட்டி எட்டரை சதவீதம்) எடுத்துக் கொடுத்தேன். 4,000 திரும்பி வந்தது. நாங்கள் அமெரிக்கா வந்த புதிதில் எட்டு மாதம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டோம். மறுக்க வாய் வரவில்லை. இவ்வளவு பழைய துப்பாக்கிக்குச் சட்டச் சிக்கல் இல்லை என்கிறார், எனக்குத்தான் பயம். செல்ஃப் டைரக்டட் ஐஆர்ஏ (முதலீட்டை நாமே தேர்ந்தெடுக்கும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) மூலமும் வாங்கலாம் என்று யோசனை சொல்கிறார். இதை முதலீடாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: சட்டத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. அதில் மச்சான் சொல்வது சரிதான். 1898 வரை செய்த துப்பாக்கி ஃபெடரல் சட்டப்படி புராதனப் பொருள். சாதாரணத் துப்பாக்கிக்குள்ள விற்பனை விதிகள் அதற்கு இல்லை. எனக்குக் கவலை தருவது ரைஃபிள் அல்ல, ஹெலாக். வீட்டை ஈடு வைத்து வாங்கின கடனைப் பேன்ட் பாக்கெட் மாதிரி திறந்து திறந்து மூடுகிறீர்கள். இது மூன்றாவது தடவை.

கணக்கைப் போடுவோம். வட்டியை நீங்கள் சொன்ன எட்டரை சதவீதமாகவே வைத்துக்கொள்கிறேன். இப்போது நிற்கும் 31,000-க்கு மாதம் சுமார் 220 டாலர் வட்டி மட்டும் போகிறது. அதை யார் கட்டுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. இன்னொரு 35,000 ஏறினால் மாதம் 468. அசல் அப்படியே இருக்கும்.

இனி ரைஃபிள். 35,000 என்றால், ஏலம் 28,000-இல் நின்று, மேலே 25 சதவீதம் வாங்குபவர் கமிஷன் 7,000. அதாவது சுத்தியல் விழுந்த நொடியில் 7,000 போய்விட்டது. ஐந்து வருடம் வைத்திருந்தால் வட்டி மட்டும் 14,875. திரும்ப ஏலத்துக்குப் போகும்போது விற்பவரிடம் 15 சதவீதம் பிடிப்பார்கள் என்று வையுங்கள். போட்ட பணமும் வட்டியும் கைக்கு வர ஏலம் ஏறக்குறைய 58,700 வரை போக வேண்டும். இன்று 28,000 போகிற பொருள் ஐந்து வருடத்தில் இரட்டிப்புக்கு மேல் ஏறினால்தான் உங்களுக்கு நஷ்டம் இல்லை! ஏறினாலும் சேகரிப்புப் பொருளின் நீண்டகால லாபத்துக்கு அதிகபட்சம் 28 சதவீத வரி. பங்குக்கு உள்ள சலுகை விகிதம் இதற்குக் கிடையாது. மிச்சத்தில் பாதி மச்சானுக்கு. நஷ்டத்தில் பாதி அவருக்கு உண்டா என்று கேட்டீர்களா?

துப்பாக்கி அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்துச் சிப்பாய்களுக்கே அதன் மேல் பிரியம் இல்லை. ஒரு குண்டு அறை வெடிக்கும்போது சில சமயம் தீ பக்கத்து அறைகளுக்கும் தாவும். முன்னால் நீட்டியிருக்கும் இடது கையில் காயம் படும். 44 டாலர் வீதம் வாங்கியதை உள்நாட்டுப் போர் முடிந்ததும் ராணுவம் 42 சென்டுக்குத் தள்ளிவிட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்று விலை முழுக்க அந்தச் சித்திர வேலையில்தான் இருக்கிறது. வம்பும் அங்கேதான். தொழிற்சாலையிலேயே செதுக்கியதா, பின்னால் யாரோ விலை ஏற்றச் செதுக்கியதா? வரிசை எண் தேய்ந்து மழுங்கியிருக்க, பக்கத்தில் கொடிச் சுருள் மட்டும் நகத்தில் தட்டுப்படும்படி கூர்மையாக நின்றால் சந்தேகப்படுங்கள். பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், ஹார்ட்ஃபோர்டில் இருந்த கோல்ட் தொழிற்சாலை 1864-இல் தீப்பிடித்தது. அதற்கு முந்தைய துப்பாக்கிகளுக்குக் காகிதச் சாட்சி கிடைப்பது அரிது. மச்சானின் விஷய ஞானம் இதற்குப் போதுமா? அவர் சேகரித்ததில் இதுவரை எத்தனையை விற்று லாபம் பார்த்தார் என்று கேளுங்கள்.

அவர் யோசனை சொன்னதாக எழுதிய செல்ஃப் டைரக்டட் ஐஆர்ஏவை மறந்துவிடுங்கள். ஐஆர்ஏ பணத்தில் சேகரிப்புப் பொருள் வாங்கினால் அந்தத் தொகையை நீங்கள் எடுத்துவிட்டதாகவே கணக்கு. வருமான வரியோடு, ஐம்பத்தொன்பதரை வயதுக்குள் என்றால் 10 சதவீத அபராதமும் உண்டு. ‘ஆல்டர்நேட்டிவ் அசெட்’ (மாற்று முதலீடு) என்று இப்போது விஸ்கியிலிருந்து கைக்கடிகாரம் வரை எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். மாத வட்டி கட்ட அதிலிருந்து ஒரு டாலர் வராது. வழக்கமான வீட்டுக் காப்பீட்டிலும் துப்பாக்கித் திருட்டுக்கு 2,500 டாலர் போலத்தான் வரம்பு. தனிக் காப்பீட்டுக்குத் தனிப் பிரீமியம். இத்தனைக்கும் அது தொங்கப்போவது அவர் வீட்டுச் சுவரில்.

எட்டு மாதச் சாப்பாட்டுக்கு நன்றி காட்ட வேண்டும்தான். அதற்கு ஒரு தொகையை நீங்களும் மனைவியும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், ஐந்தாயிரமோ என்னமோ. கடன் வாங்காமல், சேமிப்பிலிருந்து, திரும்பி வராது என்று தெரிந்தே கொடுங்கள். ஆனால் ரைஃபிளுக்கு ஒரு டாலரும் வேண்டாம்.

நாளையே வங்கியைக் கூப்பிட்டு ஹெலாக்கில் புதிதாக எடுப்பதை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். 31,000-ஐ வட்டியோடு அசலும் சேர்த்துக் கட்டத் தொடங்குங்கள். மச்சானிடம் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை காலை அவர் ஏலத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும்போது சொன்னால் அது வேறு சண்டை. மனைவியைத் தூது அனுப்பாமல் நீங்களே பேசுங்கள்.