முயலுக்கு முடி சீவ மடக்கு மேசை: கேள்வி பதில்

நீள முடி முயல்கள் வளர்க்கிறேன்: அங்கோரா 2, லயன்ஹெட் 1 இருக்கிறது. தரையில் குனிந்து சீவி இடுப்பு போகிறது. மேசை எந்த அளவில் செய்யலாம், அண்ணா?

பலகை 30 × 18 அங்குலம், 18 மி.மீ. மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்). நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்ப்பதாக இருந்தால் மொத்த உயரம் 26 அங்குலம் போதும். கால்களுக்கு 1½ × 1 அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்). மொத்தம் ஆறேழு கிலோதான் வரும், ஒரு கையில் தூக்கலாம். நின்று செய்ய 35 அங்குலம் வேண்டும் என்றால் அந்தக் கால் இந்தப் பலகைக்குள் மடங்காது. போல்ட் போட்டுக் கழற்றி மாட்டும் கால்தான் வழி.

அதே அளவில்தான் செய்தேன். ஒரு பக்கக் கால் மடங்குகிறது, மறுபக்கம் பாதியிலேயே நிற்கிறது. கீல் கோளாறா?

கீல் மேல் பழி போடாதீர்கள். 30 அங்குலப் பலகைக்குள் இரண்டு பக்கத்து 25 அங்குலக் கால்களும் மடங்கினால் ஒன்றன் மேல் ஒன்றுதான் படுக்கும். முதல் கால் 1 அங்குலத் தடிமன். இரண்டாவது கீலும் பலகையிலேயே இருந்தால், அந்தக் கால் முதல் காலில் முட்டித்தான் நிற்கும்.

இரண்டாவது முனையில் பலகைக்கு அடியில் 1 அங்குலத் தடிமன், 2½ அங்குல அகலத்தில் ஒரு கட்டையைக் குறுக்கே ஒட்டி, ஸ்க்ரூவும் போடுங்கள். கீல் அந்தக் கட்டையில் உட்காரட்டும். அந்தப் பக்கக் காலை 24 அங்குலமாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் மேசை சரிந்து நிற்கும். கீல் எப்போதும் காலின் உட்பக்கத்தில். மடக்கும்போது கட்டை இல்லாத பக்கம் முதலில்.

விரித்த பிறகு கால் உள்ளே சரிகிறது.

கீல் மடங்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. ஒவ்வொரு காலுக்கும் ஒன்றாக, விரித்ததும் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும் மடக்குப் பட்டை நான்கு வாங்குங்கள். அடியில் ஒரே பக்கத்து இரண்டு கால்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டமும் ரப்பர் புஷ்ஷும் அவசியம். முயல் துள்ளும் விசை பக்கவாட்டில்தான் வரும்.

ஸ்க்ரூ எந்த நீளம்?

கீலுக்கு 15 மி.மீ. 12 மி.மீ. பிளை வாங்கிவிட்டு இதே ஸ்க்ரூவை முடுக்கினால் நுனி மேலே எட்டிப் பார்க்கும். விரிப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது, முயலின் பாதத்துக்குத் தெரியும்.

மேலே என்ன விரிக்கலாம்? சன்மைக்கா ஒட்டினால் துடைக்க வசதி.

வழவழப்பில் முயலுக்குப் பிடிமானம் கிடைக்காது. கால் வழுக்கினால் பதறி உதைக்கும். வளையம் வளையமாக நூல் நிற்கும் கார்பெட்டும் வேண்டாம், நகம் மாட்டி இழுபடும். கோடு போட்ட ரப்பர் மேட் நல்லது. அதை ஒட்டாமல் நான்கு மூலையிலும் வெல்க்ரோ போட்டால் கழற்றிக் கழுவலாம். ஒட்டிவிட்டால் சிறுநீர் அடியில் தேங்கி நாறும், பிளையும் உப்பும். பிளையின் ஓரத்துக்கு மூன்று கை வார்னிஷ். வாசம் முழுக்கப் போன பிறகே முயலை ஏற்றுங்கள். ஓரத்தைக் கடிக்கும் முயலாக இருந்தால் அலுமினிய எல் ஆங்கிள் அடித்துவிடுங்கள்.

நாய் மேசையில் இருப்பது போல் கம்பியும் கழுத்துப் பட்டையும் வைக்கலாமா?

கூடவே கூடாது. முயலின் எலும்புக்கூடு உடல் எடையில் சுமார் 8 சதவீதம்தான், பின்னங்கால் தசையோ பலமானது. கட்டுண்ட நிலையில் உதைத்தால் தன் விசையிலேயே இடுப்புப் பகுதி முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். ஏழாவது இடுப்பு முள்ளெலும்பு முறிவது அடிக்கடி நடப்பது. பின்பாகம் செயலிழக்கும். ஒரு கை எப்போதும் முயலின் மேல். சீப்பு, நகவெட்டி எல்லாம் மறுகை எட்டும் இடத்தில். போன் அடித்தால் அடிக்கட்டும்.

சுழலும் பலகை பொருத்தினால்?

அங்கோராவுக்கு உதவும். 6 அங்குலச் சுழல் பேரிங் போதும். பூட்டு ஊசி கட்டாயம், தானாகச் சுழன்றால் முயல் குதித்துவிடும்.

சிக்கு விழுந்த இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டலாமா?

வேண்டாம். முடியை இழுத்தால் தோலும் கூடாரம் போல எழும்பும், காகிதம் போல மெல்லிய தோல். முடியை அடியில் விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரியுங்கள்.

பழைய இஸ்திரி மேசை இருக்கிறதே?

குறுகல், ஆட்டம், மேலே நழுவும் துணி. அதில் சட்டையைத் தேயுங்கள்.